மூன்றாம் நம்பர் பெண் மீன்

காலை 6.40.

வேதாந்தத்தின் தலை இருந்த இடத்தில் தலை மாதிரி ஏதோ ஒன்றுதான் இருந்தது. ஒரு அடி அவர் நின்றபோது விழுந்தது, இன்னொன்று அவர் கீழே விழுந்த பிறகு. இரண்டாவது அடி தேவையே இல்லை என்றார் டாக்டர். முதல் அடியிலேயே ஆள் முடிந்துவிட்டார். நேரம், முந்தின நாள் மாலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள்.

இன்ஸ்பெக்டர் கைசர் ஜஹான் பிணத்தைத் தாண்டி நின்று தொட்டியைப் பார்த்தாள். ஆறடிக் கண்ணாடித் தொட்டி. வெளிர் ரோஜா நிறத்தில் தண்ணீர். அதில் நீல மீன்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி வரிசையாகப் போய் வந்துகொண்டிருந்தன. தொட்டிக்குள் பின்பக்கம் மூன்று கற்கள். ஒன்றில் நரைமுடி ஒட்டியிருந்தது.

பிணத்தை முதலில் பார்த்தவர் தம்பி ஸ்ரீரங்கன், தேனாம்பேட்டையிலிருந்து விடிந்ததும் வந்தவர்.

"அண்ணனோட சண்டை உண்டா?"

"மீனோடதான் சண்டை. இந்த வீட்டை வித்துடலாம்னா, தொட்டியை எங்கேடா கொண்டுபோறதும்பார்."

சமையலறையிலிருந்து ஏட்டு புகழேந்தி குரல் கொடுத்தார். "மேடம், எவர்சில்வர் தூக்குல அழுக்குத் தண்ணி. கொட்டிடட்டா?"

கைசர் மூடியைத் திறந்தாள். தொட்டித் தண்ணீரைவிட நல்ல சிவப்பு. அதில் அரிசி நீளத்துக்கு எவையோ நெளிந்தன. மூடினாள்.

"கைரேகை எடுத்துட்டு இருந்த இடத்துலயே வைங்க. இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

காலை 7.25.

தொட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டு. கடைசிப் பக்கத்தில் வேதாந்தத்தின் கையெழுத்து: 'மூன்றாம் நம்பர் பெண், பத்தொன்பதாம் நாள். இரை எடுக்கவில்லை.' அதற்குக் கீழே: 'ஞாயிறு மீன் சங்கக் கூட்டத்தில் கலப்பு விஷயத்தைப் போட்டு உடைத்துவிட வேண்டும்.'

வாசலில் கூடியிருந்தவர்களில், அதே கட்டடத்து இரண்டாவது மாடி ஸ்ரீகிருஷ்ணாவுக்கும் மீன் வளர்ப்புதான் என்றார்கள். கைசர் கூப்பிட்டாள். வாசற்படியிலேயே நின்றான். முப்பது வயது, அழுது சிவந்த கண்.

"என்ன மீன் இது?"

"ஆப்பிரிக்க ஏரி மீன் மேடம். பாறை இடுக்குல ஒளியற ஜாதியில்லை, நடு ஏரியில கூட்டமா நீந்தற ஜாதி. அதான் மாமா நடுவுல கல்லே வெக்கலை. பெண் மீன் வாயிலயே முட்டை பொரிச்சு, குட்டியையும் வாயிலயே வெச்சுண்டிருக்கும். மூணு வாரம் பட்டினி."

"பயந்துட்டா?"

"துப்பிடும். மத்ததெல்லாம் ஒரு நிமிஷத்துல தின்னுடும். ஒளிய இடமேயில்லையே."

"நீங்க கடைசியா உள்ள வந்தது?"

"மூணு மாசமாச்சு."

அவன் போனதும் கைசர் ஒரு சிட்டிகை இரை தூவினாள். எல்லா மீன்களும் பாய்ந்தன. ஒட்டிய வயிற்றோடு ஒரு வெள்ளிநிற மீன் மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டுத் தின்றது.

காலை 9.10. ஸ்டேஷன்.

தொட்டி கட்டிக் கொடுத்த கோடம்பாக்கம் அமீனைப் புகழேந்தி அதற்குள் பிடித்து வந்திருந்தார். வந்த வேகத்தில் உதடும் கிழிந்திருந்தது. சட்டையில் ரத்தம், உள்ளங்கையில் கட்டு.

"நேத்து சாய்ங்காலம் தொட்டி ஒழுகுதுன்னு அவரு கத்துனாரு மேடம். நானும் கத்துனேன். தலைய ஒடச்சுடுவேன்னு வாய்ல வந்துட்ச்சு. அது பேச்சு மேடம்! இது கண்ணாடி கிழிச்ச ரத்தம்."

"மீனைப் பத்தித் தெரியுமா?"

"எனக்கு மீனுன்னா வஞ்சிரம்தான். நாளைக்கு எம் பொண்ணு ரூபீனாவுக்கு நிக்காஹ், மேடம். மேல ஒருத்தன் பாத்துகினு கீறான்."

மீண்டும் ஓங்கிய புகழேந்தியின் கையைக் கைசர் பிடித்துக் கீழே இறக்கினாள்.

உதவிக் கமிஷனர் போனில் பொரிந்தார். "வாசல் கேமரால அந்தக் கண்ணாடிக்காரன் 7.52க்கு வெளியே போறான். அப்புறம் விடியற வரைக்கும் வெளியாள் யாரும் உள்ளே வரலை. பன்னெண்டு மணிக்கு ரிமாண்ட். அவ்வளவுதான்."

"படிக்கட்டுல கேமரா இல்லை சார், மத்த வீட்டுக்காரங்க யாரும் வந்து போயிருக்கலாம். பன்னெண்டு வரைக்கும் நேரம் குடுங்க."

காலை 11.30. வேதாந்தத்தின் வீடு.

பிணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் கறை காய்ந்து கறுத்திருந்தது. கைவிலங்கோடு அமீன், ஜன்னலோரம் ஸ்ரீரங்கன், தொட்டியருகே ஸ்ரீகிருஷ்ணா.

"ஏட்டு, சமையல்கட்டுல நாறுது. அந்தத் தூக்கைக் கொண்டாந்து இந்த வாஷ்பேசின்ல கொட்டிடுங்க."

புகழேந்தி தூக்கோடு வந்தார். மூடியில் கை வைத்தார்.

"கொட்டாதீங்கோ! குட்டியெல்லாம் செத்துடும்!"

கத்திய வாயை ஸ்ரீகிருஷ்ணா தானே பொத்திக்கொண்டான்.

"எந்தக் குட்டி?" கைசரின் குரல் உயரவில்லை. "மூடின எவர்சில்வர் தூக்கு. உள்ள என்னன்னு எனக்கும் ஏட்டுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கதான் மூணு மாசமா இங்க வரலையே?"

அவன் பாய்ந்தான். நாற்காலியைத் தூக்கிப் புகழேந்தியின் முகத்தில் அறைந்தான். மூக்கு உடைகிற சத்தம் கேட்டது. தூக்கு கையிலிருந்து நழுவியது. விலங்கு பூட்டிய இரண்டு கையாலும் அமீன் அதைப் பிடித்தான். கண்ணாடி தூக்கிப் பழகிய கை, சொட்டு சிந்தவில்லை. இரண்டாம் முறை நாற்காலி ஓங்கியபோது கைசரின் லத்தி ஸ்ரீகிருஷ்ணாவின் மணிக்கட்டில் இறங்கியது. ஊளையிட்டுக்கொண்டு மண்டியிட்டான்.

"நேத்து வரைக்கும் பட்டினி கிடந்த மீன் இன்னிக்கு இரை எடுக்குது. அப்ப வாயில குட்டி இல்லை. தொட்டியிலயும் இல்லை, தூக்குல இருக்கு. அந்தத் தண்ணி சிவப்பு. தொட்டியில ரத்தம் எப்ப கலந்துது? அடிச்ச கல்லைத் திரும்ப உள்ள போட்டப்போ. கல் விழுந்த பயத்துல மீன் குட்டியைத் துப்பியிருக்கு. அப்போ அதுங்களை மொண்டு எடுத்தது யாரு? வேதாந்தம் செத்துக் கிடக்கார். மிச்சம், அவரைக் கொன்னவன்தான். கல்லுல இருந்த ரேகையைத் தண்ணி கழுவிடுச்சு. தூக்கு மூடியில உன் அஞ்சு விரலும் இருக்கும்."

"ஜாதி கலந்த மீனை அசல்னு விக்கறவன்னு சங்கத்துல எல்லார் எதிர்லயும் சொல்றேன்னார்..." மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினான். "மன்னிச்சுடுங்கோ மாமான்னேன். சிரிச்சார். கையில கல்லு..."

"குட்டியை ஏன் விட்டுட்டுப் போனே?"

"கொண்டுபோனா மாட்டிப்பேன். தொட்டியிலேயே விட்டா தின்னுடுமே மேடம். அதுங்க என்ன பண்ணித்து?"

"அவர் விழுந்தப்புறம் ரெண்டாவது தடவை அடிச்சியே, அப்போ எங்கய்யா போச்சு இந்த இரக்கம்?"

அவனை இழுத்துப் போனார்கள். படிக்கட்டு முழுக்க அவன் குரல் கேட்டது: "குழாய்த் தண்ணி ஊத்திடாதீங்கோ! தொட்டித் தண்ணிதான் ஊத்தணும்!"

கைசர் அமீனின் விலங்கைக் கழற்றினாள்.

"ஜீப்புல வீட்ல விடச் சொல்றேன்."

அமீன் கிழிந்த உதட்டைத் தொட்டுப் பார்த்தான். "ஜீப்பு வேணாம் மேடம். மாப்ள ஊட்டுக்காரங்க வந்து கீறாங்க. தெருவே பாக்கும். ஆட்டோல போய்க்கிறேன்."

கைசர் திரும்பினாள். புகழேந்தி மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நின்றார். அது நனைந்து சிவந்திருந்தது.

"ஏட்டு, போய் ஆட்டோ புடிச்சுட்டு வாங்க. ஏறும்போது அவருக்குக் கை குடுங்க. அந்தக் கைதானே அடிச்சுது."