அவர் முறை

மதியத் தூக்கத்தில் அண்ணி மூச்சு விடுவது சரியாக இல்லை.

விடுதி அறையில் திரையை இழுத்துவிட்டு அண்ணியும் வாலுவும் படுத்திருந்தார்கள். மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. திரையின் ஓரமாக நுழைந்த வெளிச்சம் சுவரில் தண்ணீர்போல நெளிந்தது. கீழே கடைத்தெருவில் யாரோ ஷட்டரை ஏற்றும் சத்தம், அதற்கும் அப்பால் கடலின் ஓயாத இரைச்சல், எல்லாவற்றின் மேலும் படிந்திருந்த ரப்பரும் உப்பும் கலந்த ஒரு வாடை. அண்ணி இரண்டு தரம் ஆழமாக மூச்சை இழுத்து விட்டாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். வாலு பதறி முழங்கையை ஊன்றி எழுந்து பார்க்கும் வரை நிறுத்திக்கொண்டாள். அந்த இடைவெளியில், கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத பக்கம், இன்னும் இரண்டு மூச்சு கேட்டது. கனமாக. ஈரமாக.

பிறகு மறுபடி அண்ணி.

வாலு என்பது அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் அவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போய் ஒட்டிக்கொண்டதால் வந்தது. இன்று அவள் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சோதனை அதிகாரி; கம்பி, பிரேக், கதவு என்று தொட்டுப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். ஆனாலும் வீட்டில் வாலுதான். பெயர் நிலைத்துவிட்டது, வைத்தவன் போய்விட்டான். போன வருடம் விடுமுறைக்கு இதே ஊருக்கு வந்து, கரையில் முதலில் கூப்பிட்ட படகில் அண்ணனும் அண்ணியும் ஏறினார்கள். கடலுக்கடியில், முதுகில் கட்டியிருந்த ஒரு சிலிண்டரில் காற்று தீர்ந்துபோனது. மேலே வந்தது அண்ணி மட்டும். உடல் கிடைக்கவில்லை. அம்மா இன்றுவரை அவனைப் பற்றி 'இருந்தான்' என்று சொல்வதில்லை. 'இருக்கான்' என்றுதான் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு அண்ணி அழுததைவிட நீந்தியதுதான் அதிகம். வகுப்பில் சேர்ந்தாள், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல்குளத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எதற்கு என்று வாலுவுக்குத் தெரியும். தடுத்துப் பார்த்தாள். முடியவில்லை. தானும் கூடவே கற்றுக்கொண்டாள்.

"போறதுதான் போறோம், நல்ல ஆளாப் பார்த்துப் போவோம் அண்ணி. ஆள் தேர்வு என் பொறுப்பு" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மூச்சு விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள், சுவர் மெல்லியது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் டைவிங் கடைகளுக்குப் போனார்கள். முதல் கடையில் கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் வாசலுக்கே வந்து கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார். அவருடைய லைஃப் ஜாக்கெட்டுகளில் பாதிக்கு வார் இல்லை.

"உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?" என்றாள் வாலு.

"எதுக்கு மேடம்? பார்த்தாலே தெரியுதே, கல்லு மாதிரி இருக்கீங்க."

"கல்லுதான் சார் முதல்ல முங்கும்."

இரண்டாவது கடை குளிரூட்டிய அலுவலகம். பெரிய திரையில் மீன்கள் நீந்தின, பெண்ணொருத்தி காபி கொண்டுவந்து வைத்தாள். வாலு காற்றுக் குழாய் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே வளைத்தாள். வளைவில் ரப்பர் வறண்ட உதடுபோல வெடித்திருந்தது. அதைக் காட்டியபோது மேலாளர் சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்து நீட்டினார். அதுவும் வெடித்திருந்தது.

எந்தக் கடையிலும் அண்ணி கேட்டது ஒரே கேள்விதான். "பொந்துப் பாறைக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?"

இரண்டு கடைக்காரர்களும் தயங்காமல் போவோம் என்றார்கள்.

மூன்றாவது, படகுத்துறையின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதை நடத்தியவரை எல்லோரும் கேப்டன் என்றார்கள். உப்புக்காற்றில் முகம் பதப்பட்ட, ஐம்பதைத் தாண்டிய பெண். அவர்கள் போனபோது ஒரு புதுமாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். "சளி இருக்கு உங்களுக்கு. காது போயிடும். சரியானதும் வாங்க, கடல் எங்கயும் ஓடிடாது."

வாலு கேட்பதற்கு முன்பே ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டினார். ரேடியோவைப் போட்டுக் காட்டினார். ஒரு கைடுக்கு இரண்டு பேர்தான், அதற்கு மேல் அழைத்துப் போவதில்லை என்றார். வாலு ஒரு சிலிண்டரைக் கொஞ்சம் திறந்து முகர்ந்து பார்த்தாள். வாசனையே இல்லாத, சுத்தமான காற்று. போன வருடம் இந்தக் கொட்டகை வரைக்கும் நடந்து வந்திருக்கலாமே என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கரையின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடுவே ஒரு நடை தூரம். அவ்வளவுதான் அண்ணனுடைய ஆயுள்.

"பொந்துப் பாறைக்குப் போவீங்களா?" என்றாள் அண்ணி.

கேப்டன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "அங்க போன வருஷம் ஒருத்தர் போயிட்டாரும்மா."

"என் வீட்டுக்காரர்."

அலை துறையின் கட்டைகளில் மோதி வழிந்தது. கேப்டன் தணிந்த குரலில், "தேடப் போனவங்கள்ல நானும் ஒருத்தி. அந்தப் பொந்துக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டுத் துழாவினேன். ஒண்ணும் இல்லம்மா. அங்க ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஒரு தடவ பார்த்துட்டு வந்துடறேன்."

"பார்க்கலாம். தூரத்துல நின்னு பார்க்கலாம்" என்றார் கேப்டன்.

திரும்பும் வழியில் அண்ணி கடல்சுவரில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"காத்து தீர்ந்தது என் சிலிண்டர்ல, வாலு. உங்கண்ணன் அவரோடத குடுத்தார். ரெண்டு மூச்சு எனக்கு, ரெண்டு மூச்சு அவருக்கு. அப்படியே மாத்தி மாத்தி வந்தோம். பொந்துகிட்ட என் கால் வலையில சிக்கிடுச்சு. அவர் குனிஞ்சு அறுத்தார். நிமிர்ந்தார்... அவர் முறை அது. நான் நீட்டறேன். அவர் தலைய ஆட்டிட்டார். வேணாம்னுட்டார். என் வாயிலயே திருப்பி வச்சு அழுத்திட்டு, சிலிண்டரையும் கழட்டி என் கையில குடுத்து, என்னை மேல தள்ளி விட்டுட்டார்."

வாலு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ்கட்டியாக இருந்தது, விரல் நுனிகள் நெடுநேரம் நீரில் ஊறியவைபோலச் சுருங்கியிருந்தன.

"அவர் மூச்ச நான் இன்னும் வச்சிட்டிருக்கேன். தூங்கினாக்கூட வந்து கேக்கறார்" என்றாள் அண்ணி.

மறுநாள் முற்பகலில் கடல் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. படகில் கேப்டன், அவருடைய தம்பியான கைடு, இவர்கள் இருவர். கேப்டன் ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தார், வாயில் கவ்விக்கொள்ளும் ஒவ்வொரு மவுத்பீஸிலும் தானே ஊதிப் பார்த்தார். பின்புறம் இரும்பு ஏணியை இறக்கிக் கட்டினார். வாலுவுக்குச் சற்றுத் தைரியம் வந்தது. இவ்வளவு கவனமாக இருக்கிறவர்களை மீறி என்ன நடந்துவிடும்?

உள்ளே இறங்கினார்கள். மேலே இருந்த வெயில் முதலில் பச்சையானது, பிறகு நீலமானது, பிறகு சாம்பலானது. அண்ணியின் உடையிலிருந்த சிவப்புக் கோடு யாரோ துடைத்ததுபோல மெல்ல மெல்லக் கறுத்துப்போனது. காதுக்குள் அழுத்தம், தலைக்குள் தன் மூச்சின் சத்தம் மட்டும், உள்ளே இழுக்கையில் பாம்பின் சீறலாக, வெளியே விடுகையில் கொதிக்கும் பானையாக. மீன்கள் இருந்தன, கொஞ்ச தூரம் வரை. பாறையின் கரிய முதுகு தெரியத் தொடங்கிய இடத்தில் மீன்கள் இல்லை.

பாறையின் அடியில் பொந்து. ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. கைடு கையை விரித்து, போதும், இங்கேயே நில்லுங்கள் என்று காட்டினான்.

அண்ணி நிற்கவில்லை.

நீந்திப் போகவும் இல்லை. பஸ்ஸில் தனக்காகப் பிடித்து வைத்திருக்கும் இடத்துக்குப் போகிறவள்போல நிதானமாகப் போனாள். பொந்தின் முன்னால் மண்டியிட்டாள். இரண்டு மூச்சு எடுத்தாள். குமிழிகள் இரண்டு கொத்தாக மேலேறின. பிறகு மவுத்பீஸை வாயிலிருந்து எடுத்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல, இருட்டுக்குள் நீட்டினாள்.

வாலு காலை உதைத்துப் பாய்ந்தாள்.

பொந்துக்குள்ளிருந்து குமிழிகள் வந்தன.

ஒரு கொத்து. இன்னொரு கொத்து. நிதானமாக.

அண்ணியின் கை வெறுமையாக இருந்தது. குழாய் இருட்டுக்குள் போயிருந்தது. அண்ணி வாயை இறுக மூடியிருந்தாள், கண்ணாடிக்குள் அவள் கண்கள் சிரித்தன. கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தன் முறைக்காக.

மூன்றாவது கொத்து. நான்காவது.

திருப்பித் தரவில்லை.

வாலு தன்னிடமிருந்த மஞ்சள் நிற உபரி மவுத்பீஸை அண்ணியின் வாயில் திணித்தாள். அண்ணி இரண்டு மூச்சு இழுத்தாள். எடுத்தாள். அதையும் பொந்துக்குள் நீட்டினாள். வாலு பிடித்து இழுத்தாள். உள்ளிருந்து ஏதோ பதிலுக்கு இழுத்தது. பலமாக அல்ல. சின்ன வயதில் அண்ணன் விளையாட்டுக்குக் கயிறு இழுப்பானே, அவள் ஜெயிக்கட்டும் என்று பாதிப் பலத்தில். அப்படி.

மஞ்சள் மவுத்பீஸ் சட்டென்று விடுபட்டது. அண்ணியுடையது விடுபடவில்லை. கைடு வந்தான், குழாயை இழுத்துப் பார்த்தான், அது கம்பிபோல விறைத்து நின்றது. அவன் வேறு வழியில்லாமல் அண்ணியின் வார்களை அவிழ்த்து, சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு, அவளை அணைத்துக்கொண்டு எழும்பினான். வாலு தன் உபரிக் காற்றை அண்ணியின் வாயில் அழுத்திப் பிடித்தபடி கூடவே வந்தாள். வழி நெடுக அண்ணி கீழேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.

படகில் ஏற்றிப் படுக்கவைத்து, கேப்டன் ஆக்சிஜன் முகமூடியைப் பொருத்தினார். "ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் வந்தாச்சு. எல்லாரும் மேல வந்தாச்சு."

"இல்ல" என்றாள் அண்ணி முகமூடிக்குள்.

கைடு தண்ணீரைக் காட்டினான். படகிலிருந்து சற்றுத் தள்ளிக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. "ரெகுலேட்டர் கோளாறு, அக்கா. தானா ஊதுது. சிலிண்டர் காலியானா நின்னுடும்."

தானாக ஊதினால் நிற்காமல் கொட்டும். வாலுவுக்கு அது தெரியும். கைடுக்கும் தெரியும். இவை இரண்டு கொத்து வந்தன. நின்றன. அந்த நிறுத்தத்தில் அண்ணியின் முகமூடி இரண்டு முறை வெண்மையாகப் பனித்தது. பிறகு கடலில் இரண்டு கொத்து. பிறகு அண்ணி. பிறகு கடல்.

சிலிண்டர் காலியாகவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது காலியாகவே இல்லை.

குமிழிகள் இடம் மாறின. ஒரு கை தூரம் இந்தப் பக்கம். இன்னும் ஒரு கை தூரம்.

"அண்ணா" என்று கூப்பிட வாலுவின் வாய் திறந்தது. ஒரு வருடமாகக் கனவில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பெயர். வரவில்லை. அவன் வர வேண்டும் என்று அவள் வேண்டாத நாளில்லை. வந்துகொண்டிருந்தான். அவளுக்கு அவன் வேண்டாம்.

"போட்டை எடுங்க" என்றாள். பிறகு அலறினாள். "கேப்டன், எடுங்க, போயிடலாம், எடுங்க!"

கேப்டன் ஓடிப்போய்ச் சாவியில் கை வைத்தார். அப்போது படகு பின்பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்சம்தான். கனமான ஒருவர் கீழ்ப்படியில் கால் வைத்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. ஏணி கிரீச்சிட்டது.

கேப்டனின் கை சாவியிலேயே நின்றது. முகத்தில் ரத்தமில்லை. எத்தனையோ வருடப் பழக்கம் அவரை மீறிப் பேசியது.

"முடியாது. ஏணியில ஆள் இருக்காங்க. எஞ்சின் போடக் கூடாது."

இன்னொரு படி. படகு இன்னும் சாய்ந்தது. குமிழிகள் நின்றுவிட்டன. இப்போது அந்த மூச்சு தண்ணீருக்குள் இல்லை, வெயிலில் கேட்டது, ரப்பர் வாயில் உரசும் உலர்ந்த சத்தமாக, படகின் விளிம்புக்கு அந்தப் பக்கம், மிக அருகில். ரப்பரும் உப்பும் கலந்த வாடை படகெங்கும் நிறைந்தது.

அண்ணி முகமூடியைக் கழற்றிவிட்டாள். தவழ்ந்து போய் ஏணியின் மேல் குனிந்து, இரண்டு கைகளையும் கீழே நீட்டினாள்.

"மெதுவா" என்றாள். "மெதுவா ஏறுங்க. அவசரமில்ல."

அவள் கைகள் பாரம் தாங்கி விறைத்தன.