நானூற்றுப் பன்னிரண்டு செதில்கள்

ஞாயிறு, காலை 7.10.

மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைத் திறந்ததும் மாப்பிள்ளை போட்ட கூச்சலில் வீடே திரண்டு வந்துவிட்டது. உள்ளே கொலை விழுந்திருந்தால்கூட அவன் அப்படிக் கத்தியிருக்க மாட்டான்.

தையல் பொம்மையின் மேல் அழுங்கு வீரனின் கவசம் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் செதில் போர்த்திய அழுங்கு என்ற விலங்கின் பெயரைச் சூடிய சினிமா நாயகன் அவன். படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணி, அதே நானூற்றுப் பன்னிரண்டு செதில்களை ஃபோம் ஷீட்டில் வெட்டி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்டி, பதினோரு மாதம் பாடுபட்டுச் செய்திருந்தான் மாப்பிள்ளை. நேற்று மாலை வரை கவசம் படத்தில் இருப்பதைப் போலவே சாம்பல் நிறம்.

இப்போது நீலம். பளபளவென்று ஆகாய நீலம்!

மாலை நான்கு மணிக்கு சினிமா வேஷப் போட்டி. நடுவராக வரப்போகிறவர் அந்தப் படத்தின் உடைகளைச் செய்த பட்டறையின் தலைவி. ஜெயிப்பவருக்கு அவருடைய பட்டறையிலேயே வேலை. பல் லேபில் உட்கார்ந்து ஒன்பது வருடமாகப் பிறர் வாய்க்குப் பொய்ப்பல் செய்து சலித்துப்போன மாப்பிள்ளைக்கு, அந்த வேலை என்றால் உயிர்.

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

மச்சினி. மனைவியின் தங்கை. துணிக்குச் சாயம் போடும் ஆலையில் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்வது அவள் உத்தியோகம். கறுப்பிலேயே ஏழு வகை காட்டுவாள். போட்டியைப் பார்க்க முந்தின நாளே வந்து இறங்கியிருந்தாள். அத்தானின் கனவில் மண் விழுந்துவிட்டதே என்ற கவலை அவள் முகத்தில் துளியும் இல்லை. திருவிழாவுக்கு வந்தவள் போல உள்ளே நுழைந்தாள்.

ஒரு செதிலை விரல்நுனியால் தொட்டாள். "இன்னும் லேசா ஒட்டுது. அடிச்சு ரெண்டு மணி நேரம் இருக்கும். பெயிண்ட் யாரோடது அத்தான்?"

"என்னோடதுதான். பெல்ட்டுக்குன்னு வாங்கின நீலம்."

"வெறும் நீலம் இல்ல. வெள்ளை கலந்திருக்கு. யாரோ எதையோ மனசுல வெச்சுக்கிட்டு, அதுக்குப் பொருந்துற மாதிரி கலந்திருக்காங்க."

நெஞ்சில் இருந்த மஞ்சள் சின்னத்தின் ஓரத்தைக் காட்டினாள். நீலம் அங்கே ரூல் பிடித்தது போல நேராக நின்றது. குப்பைக்கூடையில் மாஸ்கிங் டேப் சுருண்டு கிடந்தது. தரையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. பிரஷ்ஷைக் கூடக் கழுவித்தான் வைத்திருந்தார்கள்.

"அறைச் சாவி?"

"வாசல் பக்கத்து ஆணியில தொங்கும். யார் வேணும்னாலும் எடுக்கலாம்."

7.40. முதல் விசாரணை, மனைவியிடம்.

"எனக்குக் கோபம் இருந்தது உண்மைதான்டி. பதினோரு மாசமா சாப்பாட்டு மேஜை முழுக்கச் செதில். தட்டை மடியில வெச்சுக்கிட்டுச் சாப்பிடுறோம்."

"காலையில அஞ்சு மணிக்கு எங்க இருந்தே?"

"உன் பக்கத்துலதான் படுத்திருந்தேன். நீ விட்ட குறட்டையில தூக்கம் எங்க வந்துச்சு?"

"படம் பார்த்தியா?"

"தியேட்டர்ல நாலு தடவை. இவர்தான் இழுத்துட்டுப் போனாரு."

8.05. அடுத்த வீட்டு போட்டோகிராபர். மாப்பிள்ளையின் நண்பன், ஆனால் அதே படத்தின் வில்லன் வேஷத்தில் அவனும் இன்று போட்டியில் நிற்கிறான். மாப்பிள்ளையின் சந்தேகம் முழுவதும் அவன் மேல்தான்.

"இன்னைக்குக் காலையில எங்க வீட்டுப் பக்கம் வந்தியாடா?"

"ஆறு மணிக்கு வந்தேன். உன்கிட்ட வாங்கின ஹீட் கன்னைத் திருப்பிப் படியில வெச்சுட்டுப் போனேன். ஏன், அதுக்கு என்ன?"

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் சிவந்தது. "டேய், உன்னைக் கவிழ்க்கணும்னா நாலு செதிலைப் பிச்சு எறிஞ்சா போதாதா? உட்கார்ந்து பெயிண்ட் அடிச்சுக்கிட்டா இருப்பேன்?"

மச்சினி அவன் சுவரைப் பார்த்தாள். அழுங்கு வீரனின் படங்கள் பத்துப் பன்னிரண்டு. அத்தனையும் சாம்பல்.

8.30. கீழ்வீட்டில் மாமனார். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய டிவியின் முன் உட்கார்ந்திருந்தார். அதில் செய்தி வாசித்தவர், பனிக்கட்டியில் படுத்து எழுந்தவர் போல விறைத்துத் தெரிந்தார்.

"அந்தக் கூத்துப் படத்தையெல்லாம் நான் பார்க்கிறதில்லம்மா," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முப்பத்தஞ்சு வயசுல வேஷம் கட்டுறாராம் மாப்பிள்ளை! ஆனா ஒண்ணு, வேலை சுத்தம். பாலத்துச் சண்டையில இடது தோள்ல விழுற கீறலைக்கூட விடாம செஞ்சிருக்காரு."

மாப்பிள்ளை காதில் எதுவும் ஏறவில்லை. ஏழரை மணி நேரத்தில் என்ன செய்ய முடியும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். மச்சினி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

9.00. எல்லோரையும் மாமனாரின் டிவி முன்னால் உட்கார வைத்தாள்.

"இதைச் செஞ்சது எதிரி இல்ல அத்தான். எதிரி மஞ்சள் சின்னத்துல பெயிண்ட் படாம டேப் ஒட்ட மாட்டான், பிரஷ்ஷைக் கழுவ மாட்டான். இது கெடுத்தது இல்ல, திருத்தினது. அழுங்கு வீரன் நீலம்னு நம்புற ஒருத்தர், நீங்க நிறத்தைத் தப்பா அடிச்சிருக்கீங்கன்னு நினைச்சுத் திருத்தியிருக்காரு. அக்காவும் போட்டோகிராபரும் பார்த்தது சாம்பல் வீரனை. அப்படின்னா, நீல வீரனைப் பார்த்தது யாரு?"

டிவிக்குக் கீழே இருந்த பிளேயரின் பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஏற்கெனவே ஒரு டிஸ்க் இருந்தது. பாலத்துச் சண்டை நடுவிலிருந்து ஓடத் தொடங்கியது. வானம் நீலம், பாலம் நீலம், வில்லனின் பல்லும் நீலம். அழுங்கு வீரன் ஆகாய நீலத்தில் பாய்ந்து வந்தான்.

"இந்த டிவியில எல்லாமே நீலமாத்தான் தெரியும். செய்தி வாசிக்கிறவரைப் பார்த்தப்பவே நினைச்சேன். படமே பார்க்காதவருக்கு, தோள் கீறல் பாலத்துச் சண்டையில விழுந்ததுன்னு மட்டும் எப்படித் தெரியும்? என்னப்பா, சரிதானே?"

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தார். திருடன் போல முழித்தார்.

மாப்பிள்ளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா!"

"எப்படி மாப்பிள்ளை சொல்றது? சொன்னா படம் பார்த்தேன்னு ஒத்துக்கணுமே! ஊரெல்லாம் உங்களைக் கிண்டல் பண்ணியிருக்கேன்." அவர் குரல் இறங்கியது. "எல்லாம் சரியாச் செஞ்சுட்டு, நிறத்துல தோத்துடுவீங்களோன்னு பயம். விடியிறதுக்கு முன்னாடி எழுந்து அடிச்சேன்."

அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. தன் கவசத்தை ஒருவர் இவ்வளவு கவனித்துப் பார்த்திருக்கிறார் என்பதில் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஓடிக்கொண்டிருந்த படத்தை மச்சினி நிறுத்தி, டிவியின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தாள். வானம் வெளுத்தது. பல் வெள்ளையானது. செதில்கள் சாம்பலாயின. சட்டென்று அவள் கை நின்றது.

"அத்தான், இங்க வாங்க! செதிலோட இடுக்கைப் பாருங்க!"

எல்லா நீலமும் போன பிறகும், செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே மெல்லிய நீலம் போகாமல் நின்றது.

"படக்காரங்க முதல்ல நீலம் அடிச்சு, அது மேல சாம்பலைத் தேய்ச்சிருக்காங்க. அதான் திரையில உலோகம் மாதிரி மின்னுது. நேத்து உங்களோடது அடுப்புச் சாம்பல் மாதிரி செத்துக் கிடந்துச்சு, சொன்னா வருத்தப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். "ஸ்பாஞ்ச்! வீட்டுல இருக்குற ஸ்பாஞ்ச் எல்லாத்தையும் எடுங்க!"

அடுத்த ஐந்து மணி நேரம் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. போட்டியாளன் என்பதை மறந்து போட்டோகிராபரும் முதுகுப்பக்கம் உட்கார்ந்துவிட்டான். ஸ்பாஞ்சில் சாம்பல் பெயிண்ட்டைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, செதிலின் மேட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு முறை. மாமனார் இடது தோளை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாலை 4.50.

மேடையில் நடுவரம்மா மாப்பிள்ளையைச் சுற்றி வந்தார். தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். ஒரு செதிலை விரலால் மெல்லத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தார்.

"இந்த அடிநீலம் எங்க பட்டறையில மூணு பேருக்குத்தான் தெரியும்," என்றார் மைக்கில். "உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி தடாலென்று கவிழ்ந்தது.

"நான்தாங்க!" என்று மாமனார் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "பதினேழு தடவை பார்த்திருக்கேன்!"