இரண்டாம் பாதியின் முதல் கோல்

புகைப்படக்காரன் ரூபேந்திரன் போனில் அழாத குறையாகக் கெஞ்சியதும், முன்னாள் இன்ஸ்பெக்டர் சந்திரமதி குளுவாங் கால்பந்துத் திடலுக்குக் கிளம்பினார். காரை ஓட்டியவர் நண்பர் அக்பர். அக்பருக்குத் தொழில் ரொட்டி சானாய்க் கடை. மனசு முழுக்கப் போலீஸ் வேலை.

கிளப்பின் சிகிச்சை அறையில் ரூபேந்திரன் கைதியாகவே உட்கார்ந்திருந்தான். வாசலில் கொதித்துப்போன ரசிகர்கள். உள்ளே எலும்பைக் குடையும் ஏர்கோன் குளிர். அவனுடைய கேமராவும் பறித்த அனுமதி அட்டையும் மேசைமேல் கிடந்தன.

"நேத்து இடைவேளையில எங்க கோல்கீப்பர் லோகேஸ்வரன் இந்தக் கட்டில்ல முட்டி உடைஞ்சு அழுதுக்கிட்டு கிடந்தான் மேடம்," என்றார் நிர்வாகி சுப்ஹான். "அந்தத் திரைக்குப் பின்னால ஒளிஞ்சு, அதைப் படம் பிடிச்சு இணையத்துல போட்டிருக்காங்க. படத்தோட ஓரத்துல திரை தெரியுது. கேமராவோட இந்தப் பக்கம் வர அனுமதி ரெண்டு பேருக்குத்தான். காளிதாஸ் எங்க சம்பள ஆளு. படம் வித்துப் பிழைக்கிறது ரூபேந்திரன். லைவ்ல மன்னிப்புக் கேட்கட்டும், விட்டுடறேன்."

சுவரோரம் நின்ற காளிதாஸ் தன் கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

மன்னிப்புக் கேட்டால் ஜொகூரில் எந்தத் திடலும் இனி அவனை உள்ளே விடாது. கேட்காவிட்டால் இந்த வாசலைத் தாண்ட முடியாது. ரூபேந்திரன் சந்திரமதியின் பக்கம் திரும்பினான்.

"இடைவேளையில நான் திடலோரமா நாசி லெமாக் சாப்பிட்டேன் அக்கா. ஆனா பார்த்த ஆளு இல்ல."

சந்திரமதி அவன் கேமராவில் நேற்றைய படங்களைத் தள்ளிப் பார்த்தார். இரண்டாம் பாதி தொடங்கியதுமே விழுந்த கோல் பளிச்சென்று பதிவாகியிருந்தது. கொளுத்தும் வெயிலில் ஆட்டக்காரர் துள்ள, வலைக்குப் பின்னால் காளிதாஸ் தலைகுனிந்து சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோல் உங்க மூக்குக்கு நேரா விழுந்திருக்கே காளிதாஸ். ஆனா கிளப்போட இணையப் பக்கத்துல வந்தது ரூபேந்திரன் படமாமே?"

"மெமரி கார்டு மாத்திக்கிட்டு இருந்தேன்."

"அலமாக்! அப்போ மூணாவது ஆளு லா!" என்று துள்ளினார் அக்பர்.

"பொறுங்க," என்ற சந்திரமதி திடலைப் பார்க்க வெளியே போனார். படியிலேயே நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். அதைப் பார்த்ததும் ரூபேந்திரனுக்குச் சுரீரென்றது. தொழிலில் தினமும் படும் அவஸ்தை, பயத்தில் அவனுக்கே மறந்துபோயிருந்தது.

திரும்பி வந்தவர் சொன்னார்: "இந்தக் குளிர்ல இருந்து வெளியே போனதும் என் கண்ணாடி வெள்ளையா மூடிக்கிச்சு. லென்ஸும் கண்ணாடிதானே? ஒளிஞ்சிருந்த ஆளால, லோகேஸ்வரனைத் தூக்கிட்டுப் போற வரைக்கும் திரையை விட்டு நகர முடியாது. அவ்வளவு நேரம் கேமராவும் குளிர்ந்திருக்கும். உடனே வெயிலுக்கு ஓடினா ஒண்ணும் தெரியாது. ரூபேந்திரன் படம் பளிச்னு இருக்கு. உங்க கேமரா மட்டும் ஏன் மூடிக்கிச்சு காளிதாஸ்? நேத்து மழையும் இல்ல. கார்டை யாரும் சட்டையால துடைச்சு மாத்துறதில்ல."

காளிதாஸின் முகம் வெளுத்தது. "என் கிளப்புல என் இடத்துக்கே இவனை எடுக்கப் பார்த்தாங்க," என்றார். "எங்கே பார்த்தாலும் இவன் படம்தான். எனக்கு வேற வழி தெரியல."

சுப்ஹான் அனுமதி அட்டையை எடுத்து நீட்டினார். ரூபேந்திரன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். அழக் கூடாதென்று நினைத்தும் அழுகை வந்தது.

வாசலில் ரசிகர்களுக்கு முன்னால் ஊன்றுகோலோடு லோகேஸ்வரன் நின்றிருந்தான். திறந்த கதவு வழியே எல்லாம் கேட்டிருந்தான்.

"மன்னிச்சிடுங்கண்ணே. நானும் உங்களைத்தான் நினைச்சேன்," என்றான். "இப்ப ஒரு படம் எடுங்க. சிரிக்கிறேன். ஊரு அதைப் பார்க்கட்டும்."

ரூபேந்திரன் கேமராவைத் தூக்கினான். லென்ஸ் முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது.

"இரு தம்பி," என்றான். "தெளியட்டும்."

இருவரும் வெயிலில் காத்து நின்றார்கள்.