குமிழ் இல்லாத சுவரொட்டி

சைக்கிள் பந்தயச் சுவரொட்டியில், வீரனின் தொடையருகே தாள் உப்பி ஒரு காற்றுக் குமிழ் இருந்தது.

லுப்ளின் நகர அருங்காட்சியகத்தில் விளையாட்டுச் சுவரொட்டிக் கண்காட்சி. தெருமுனையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த விளம்பரத் தூண் ஒன்றைக் கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். முப்பது வருடப் போட்டிகளின் சுவரொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, தாள் ஒரு சாண் தடித்திருந்தது. அத்தனையும் ரொமுவால்ட் ஒட்டியவை. ஒரு குமிழ்கூட விட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனிதர்.

“உன் வேலையோட லட்சணத்தப் பாரு, ரோமெக்!” அவரை ரோமெக் என்று செல்லமாகக் கூப்பிடும் மனைவி லுட்கா, புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். “இதுக்கா இத்தன வருஷம் பீத்திக்கிட்ட? இரு, அந்தப் பக்கம் எத்தனைன்னு எண்ணிட்டு வரேன்.”

அவள் தூணைச் சுற்றிப் போனாள். அவருக்குக் காது சூடேறியது. சுற்றிலும் பார்த்தார், காவலர் இல்லை. குமிழின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

ஈரம். எப்போதோ காய்ந்திருக்க வேண்டிய தாள், காய்ச்சல்காரன் நெற்றிபோல வெதுவெதுப்பாக, கொஞ்சம் வியர்த்தும் இருந்தது. மாவும் எலும்புப் பசையும் சேர்ந்து புளித்த பழைய வாளி நாற்றம் மெல்ல எழுந்து, மூக்கில் ஏறி, நாக்கில் வழவழவென்று படிந்தது. ஆனால் கைக்குப் பழக்கம் தெரியும்: நடுவிலிருந்து ஓரத்துக்கு, விடாமல் அழுத்தித் தள்ளு. தள்ளினார். ஓரத்தில் மஞ்சள் சளிபோலப் பசை பிதுங்கியது. அதில் முடி இருந்தது. நரைத்த முடி.

குமிழ் குறையவில்லை. வளர்ந்தது.

“ரோமெக், இங்க கை ஒட்டிக்கிச்சு. வர மாட்டேங்குது.”

“வெளையாடாத.”

“வெளையாட்டு இல்ல, சத்தியமா! வா இங்க!”

“இத முடிச்சிட்டு வரேன், இரு.”

அந்தப் பக்கத்திலிருந்து பெரிதாக ஒன்று தாளுக்கடியில் நகர்ந்து வந்தது, வீரனின் முகத்தை உப்பவைத்தபடி. தலை அளவு. மானம் போகிறதே என்ற ஆத்திரத்தில் இரண்டு கையாலும் அமுக்கினார். உள்ளே ஏதோ மளுக்கென்றது. புதினா மணம் வந்தது.

“அழுத்தாத...” குரல் தாளுக்குள்ளிருந்து வந்தது, வாய் நிறையப் பசையோடு.

அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளங்கைக்கடியில் மூக்கு. அதன் கீழே உதடு. இருந்தும் கை நிற்கவில்லை. தொடங்கிய இழுப்பை ஓரம்வரை முடித்தது.

தூணைச் சுற்றி ஓடினார். அவளுடைய காலணிகள் மட்டும். உள்ளே இன்னும் சூடு.

நகத்தால் கிழித்தார். ஓட்டப்பந்தயம். கிழித்தார். குத்துச்சண்டை. நீச்சல். ஒவ்வொரு தாளும் தோல்போல வழுக்கிக்கொண்டு உரிந்தது, முழங்கைவரை கொழகொழவென்று ஒழுகியது. வாந்தி எடுத்தார். துடைத்துக்கொண்டு மறுபடி கிழித்தார்.

கடைசித் தாளில் லுட்கா இருந்தாள்.

காகிதம்போலத் தட்டையாக. நெற்றிச் சுருக்கமெல்லாம் போயிருந்தது. ஒரு கண் மெதுவாகத் திரும்பி அவரைத் தேடியது. உதட்டோரத்தில் பசை பிதுங்கி, அதில் பாதி கரைந்த மிட்டாய்.

எங்கேயும் ஒரு குமிழ்கூட இல்லை.