கேமரா நின்ற பக்கம்

மைக் திறந்திருந்தது. அது வாயாடிக்குத் தெரியாது.

வாயாடி என்பது வீட்டில் வைத்த பெயர். பள்ளியிலும் அதே பெயர்தான். அவளுக்கு அது பிடிக்கும். அன்றுவரை பிடித்திருந்தது.

அப்பா மருத்துவமனையில் செவிலியர். சில மாலைகளில் வீட்டிலிருந்தே ஆன்லைனில் முதலுதவிப் பயிற்சி நடத்துவார். இந்த முறை அவருடைய மாணவர்கள் எல்லாரும் வாயாடியின் பள்ளியில் வேலை செய்பவர்கள். காவலாளி, நூலகர் அக்கா, வேன் டிரைவர்கள். பயிற்சியில் தேறாதவர்கள் அடுத்த மாதம் முதல் வேன் ஓட்டக் கூடாது என்று பள்ளி சொல்லியிருந்தது.

முன்பெல்லாம் கேமராவைப் பார்த்துக்கொண்டது அம்மா. அப்பாவுக்கு எதிரே, கேமராவை ஒட்டி, ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். நடுவில் கையைத் தூக்கி, "எனக்கே புரியல, இன்னொரு தடவை காட்டுங்க" என்பாள். அம்மா இறந்த பிறகு அந்த நாற்காலி சுவரோரம் போய்விட்டது. வேலை வாயாடிக்கு வந்தது. கேமராவாகப் போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, அவள் அப்பாவின் பக்கத்திலேயே லேப்டாப்போடு உட்கார்ந்துகொள்வாள்.

நோயாளி வேலை தம்பிப் பொடியனுக்கு. அடிபட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் துணிக்கட்டு அன்றைய பாடம். கட்டு அவனுடைய இடது கையில். வலது கையில் பிஸ்கட்.

"வலது முனையை மேல போட்டு, அடியில நுழைச்சு இழுங்க. அப்புறம் இடது முனையை மேல போட்டு, அதே மாதிரி இழுங்க. அவ்ளோதான்" என்றார் அப்பா.

லேப்டாப் திரையில் ஒரு கட்டத்துக்குள் வேன் மாமா தெரிந்தார். வாயாடி தினமும் போகும் வேனின் டிரைவர். மடியில் தலையணை. அதுதான் அவருடைய நோயாளி.

"சார், அவுந்துடுச்சு சார்."

"பரவால்ல. நேத்து அனுப்பின வீடியோவை மெதுவா இன்னொரு தடவை பாருங்க."

"நெறைய தடவை பாத்துட்டேன் சார். பாக்கும்போது நிக்குது. நான் கட்டினா அவுந்துடுது."

அப்பா வேறு துணி எடுக்க எழுந்தார். "மைக்கை மூடும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாயாடி ஒரு பொத்தானை அழுத்தினாள். கேமரா மூடிக்கொண்டது. மைக் மூடவில்லை.

அவள் குரலைத் தடிமனாக்கினாள். "சார், அவுந்துடுச்சு சார்! சார், தலையணை கீழ விழுந்து செத்துப்போச்சு சார்!"

பொடியனுக்குப் பிஸ்கட் புரையேறியது.

"வேன் மாமா கட்டுல ஒரு வாழைப்பழம்கூட நிக்காதுடா. இவரு எப்படித்தான் வேன் ஓட்டுறாரோ!"

லேப்டாப்பிலிருந்து நூலகர் அக்காவின் குரல் மெதுவாக வந்தது.

"பாப்பா... உங்க மைக் ஆன்ல இருக்கு."

வாயாடி திரையைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. வேன் மாமா தலையணையைப் பக்கத்தில் வைத்தார். அவருடைய கட்டம் கருப்பானது.

வகுப்பு முடிந்ததும் அப்பா திட்டவில்லை. "சாப்பிட வா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வேனில் ஏறவே கூச்சமாக இருந்தது. அவளுடைய இடம் டிரைவருக்கு நேர் பின்னால். அங்கே உட்கார்ந்து தானும் வேன் ஓட்டுவது அவள் வழக்கம். அவர் கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் இவள் கையும் திரும்பும். கண்ணாடியில் அதைப் பார்த்து, "என்ன வாயாடி, பிரேக் பிடிச்சியா?" என்பார்.

இன்று அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சாலையை மட்டும் பார்த்தார். அவள் கைகள் மடியிலேயே கிடந்தன.

எல்லாரும் இறங்கும்வரை காத்திருந்தாள்.

"மாமா... நேத்து நான்..."

"விடு பாப்பா. நீ இல்லாததையா சொன்ன? அவுந்துதானே போகுது."

'பாப்பா' என்றார். 'வாயாடி' என்று சொல்லவில்லை.

"இனிமே வகுப்புக்கு வர மாட்டீங்களா?"

"என் கைக்கு இது வராது. ஸ்டோர் ரூம்ல மூட்டை தூக்க ஆள் வேணுமாம். சொல்லி வச்சிருக்கேன்." அவர் கதவை மூடினார். ஓங்கி அறையாமல், ஒழுங்காகத்தான் மூடினார்.

அன்று வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. ஆசிரியை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துக் கேமரா நிற்கும் இடத்தில் போட்டாள். வேன் மாமா என்ன பார்த்தாரோ அதைத் தானும் பார்க்க வேண்டும். லேப்டாப்பை எதிரே வைத்து வீடியோவை ஓடவிட்டாள். பொடியனைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அவளுக்கு இந்த முடிச்சு தெரியும். ஆனால் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது. இப்போது எதுவும் தெரியாதவள்போலத் திரையைப் பார்த்து மட்டும் கட்டினாள்.

பொடியன் கையை அசைத்தான். கட்டு நழுவித் தரையில் விழுந்தது.

"அக்கா, அவுந்துடுச்சு அக்கா" என்றான் அவன்.

இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்ந்தது.

மூன்றாவது முறை தன் கைகளையே கவனித்தாள். முதல் முடிச்சை அப்பா சொன்னதைக் கேட்டுப் போட்டாள். வலது முனை மேலே. சரி. இரண்டாவதைத் திரையைப் பார்த்துப் போட்டாள். அப்பா எதிரே இருந்தார். அவருடைய இடது கை அவளுக்கு வலப்பக்கம் தெரிந்தது. அதனால் மறுபடியும் வலது முனையே மேலே போனது. இரண்டு முடிச்சும் ஒரே பக்கம் விழுந்தால் கட்டு நழுவிவிடும்.

காது ஒன்று சொன்னது. கண் வேறொன்று சொன்னது.

வேன் மாமாவின் பின்னால் உட்கார்ந்து ஓட்டும்போது இந்தக் குழப்பமே இல்லையே!

"அப்பா! இங்க வாங்க. இந்த நாற்காலியில உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். திரையில் இருந்த தன்னையே பார்த்துக் கட்டினார். அவருக்கும் கை ஒரு நொடி தடுமாறியது. காது சிவந்துவிட்டது.

"பாவம், அவரைத் திரும்பத் திரும்ப இதையே பாக்கச் சொன்னேன்" என்றார். பிறகு, "உங்கம்மா இருந்திருந்தா மொத நாளே சொல்லியிருப்பா" என்றார்.

பிறகு வாயாடி ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டுபோய் அப்பாவின் தோளுக்குப் பின்னால் நிறுத்தினாள். இப்போது அப்பாவின் கைகள், பார்ப்பவர்களின் சொந்தக் கைகள் மாதிரியே தெரிந்தன. மூலையில் அப்பாவின் காதும் தெரிந்தது.

மறுநாள் வேனில் அவள்தான் முதலில் ஏறினாள்.

"மாமா, தப்பு உங்க கையில இல்ல. எங்க கேமராவுல. நான் அந்தப் பக்கம் உக்காந்து கட்டிப் பாத்தேன். எனக்கும் அவுந்துடுச்சு."

கண்ணாடியில் அவருடைய கண்கள் நிமிர்ந்தன.

"உனக்குமா?"

"அப்பா கையே தடுமாறிடுச்சு மாமா. இன்னைக்கு ஒரே ஒரு தடவை வாங்களேன்."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

மாலை வகுப்பு தொடங்கியது. அவருடைய கட்டம் இருந்தது. ஆனால் கருப்பாக இருந்தது.

வாயாடி மைக்கைத் திறந்தாள். திறந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் வேன் மாமாவைக் கிண்டல் பண்ணினதை நீங்க எல்லாரும் கேட்டீங்க. அதனால இதையும் எல்லாரும் கேக்கணும். நான் பண்ணினது தப்பு. மாமா, மன்னிச்சிடுங்க."

நூலகர் அக்கா செருமினார். "சார்... எனக்கும் அவுந்துதான் போச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு சொல்லல. முடிச்சுக்குள்ள ஊக்கு குத்தி வச்சிருந்தேன்."

"நான் பசை தடவினேன்" என்றார் காவலாளி.

அப்போது கருப்புக் கட்டம் வெளிச்சமானது. வேன் மாமா இருந்தார். பக்கத்தில் தலையணை இல்லை. அவருடைய மனைவி கையை மடக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

அப்பா தோளுக்குப் பின்னால் இருந்த கேமராவுக்குக் கட்டிக் காட்டினார். வேன் மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டினார்.

"இழுத்துப் பாருங்க" என்றார் அப்பா.

இழுத்தார். நின்றது. மனைவி கையை உலுக்கினார். அப்போதும் நின்றது. வேன் மாமாவின் முகம் சட்டென்று மாறியது.

"சார்! அவுக்க முடியல சார்!"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு எல்லாக் கட்டங்களும் சிரித்தன.

"சார், என் கையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி.

மறுநாள் காலை வாயாடி தன் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள். வண்டி திரும்பியது. அவள் கைகளும் தயங்கித் தயங்கித் திரும்பின.

கண்ணாடியில் இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன.

"என்ன வாயாடி, மைக்கை யாரு மூடினது?"

பள்ளி வரும்வரை அவள் வாயை மூடவே இல்லை.