சிவப்பு எரிந்தால் சிரிக்க வேண்டும்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலிப்பவர்கள் நீட்டிக்கொள்ளலாம். ஒரு போலீஸ்காரியின் கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், ஆனால் கேட்டு முடித்தபின் உங்கள் சிரிப்பை நீங்களே ஒருமுறை தொட்டுப் பார்ப்பீர்கள்.

தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் அன்று காலை ஏட்டம்மா அமலோற்பவத்தின் இடுப்புத் துப்பாக்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் ஏலம் கூவியவர் குரலைத் தாழ்த்தினார். கூடை சுமந்தவர்கள் மெதுவாக இறக்கிவைத்தார்கள். அவரவர் கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் போலீஸ் கைத்துப்பாக்கியின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வெளித்தாழ் இருக்கும். பெருவிரலால் அதைக் கீழே தள்ளினால்தான் சுடும். ஆபத்து நேரத்தில் தள்ள மறந்து செத்துப்போன காவலர்களைச் சொல்லி, அது வேண்டாம் என்றார்கள் ஒரு சாரார். அது இல்லாததால் தவறிப் பாய்ந்த குண்டுகளைச் சொல்லி, வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பேர் வாயையும் அடைக்க வந்ததுதான் உணர்தாழ். பிடியில் கை பட்டதும் அது வியர்வையையும் நாடியையும் படிக்கும். கைக்கு உரியவருக்கு ஆபத்து என்று கண்டால் தானே திறந்துகொள்ளும். பூட்டியிருந்தால் பச்சை, திறந்திருந்தால் சிவப்பு.

ஆனால் ஆபத்து எது, வீட்டுக் கவலை எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போன அமலோற்பவத்தின் கணவன் கஸ்பார் திரும்பவேண்டிய நாள் கடந்து இரண்டு நாளாகியிருந்தது. கரையில் அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கை மட்டும் துப்பாக்கிப் பிடியை விட்டு நகரவில்லை. விளக்கைப் பார்த்து ஜனம் அடங்கியது. அந்த அடக்கத்தைப் பார்த்து அவளுக்கு இன்னும் படபடத்தது.

அந்நேரம் ஐஸ் வியாபாரி ரபேல் பைக்குள் கையை விட்டார். அவளுக்கே தெரியாமல் துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வந்திருந்தது. பழைய பயிற்சியில் பெருவிரல், இல்லாத தாழைத் தேடி வழுக்கியது.

சவேரியம்மா என்ற மீன்காரி மெதுவாக எழுந்தாள். "ஏட்டம்மா, காலையில சாப்ட்டியளா? மூஞ்சி வாடிக் கெடக்கே."

அமலோற்பவத்தின் கண் ரபேலின் பையிலேயே இருந்தது.

"கஸ்பாரு வந்துருவான். போன தடவையும் இஞ்சினு மக்கர் பண்ணித்தான லேட்டாச்சு. வந்தவன வாசல்லயே நிக்க வச்சு ஏசுனியளே."

"வரட்டும். இந்தத் தடவையும் ஏசத்தான் போறேன்."

யாரோ சிரித்தார்கள். விளக்கு பச்சைக்கு மாறியது.

"வெத்தலதான் தாயி," என்று ரபேல் பொட்டலத்தை வெளியே எடுத்தார். "ஒங்களுக்கும் ஒண்ணு மடிக்கவா?"

திரும்பி நடந்த சவேரியம்மாவின் முழங்கால் மடங்கி, ஐஸ் பெட்டிமேல் சரிந்து உட்கார்ந்ததை அமலோற்பவம் பார்த்தாள். அந்த ஊரில் எல்லாருக்கும் இந்தச் சிரிப்பும் விசாரிப்பும் பழக்கம். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள்: சிவப்பு எரிந்தால் ஓடாதே, சிரி, சாப்பாட்டைப் பற்றிக் கேள்.

மதியம் ஸ்டேஷனுக்கு நிலவழகன் என்ற காவல்துறை ஆயுத வல்லுநர் ஒரு படிவத்தோடு வந்தார்.

"ஒரே கேள்விதான் மேடம். வெளித்தாழ் மறுபடி வேணுமா, வேண்டாமா?"

"வேணும்னு போட்டா?"

"காரணம் கேப்பாங்க. உணர்தாழ் தேவையில்லாம திறந்துச்சுன்னா தப்பு தாழ் மேலயா, ஆள் மேலயான்னு பாப்பாங்க. மனநிலைச் சோதனை வரும். அதுல தேறலன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க." குரலை இறக்கிச் சொன்னார். "மூணு வருஷத்துல ஒரு குண்டுகூடத் தவறலை மேடம். அவ்வளவு நல்ல தாழ்."

சவேரியம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது. கஸ்பார் திரும்பாவிட்டால் இந்த உத்தியோகம் ஒன்றுதான் மிச்சம் என்பதும் ஞாபகம் வந்தது. 'தேவையில்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் படகு வந்துவிட்டது. லீவு சொல்லிவிட்டு, சாதாரணச் சேலையில், தூக்குச்சட்டியோடு துறைமுக வாசலுக்கு ஓடினாள். வாசலில் பேச்சிராஜா என்ற புதுக் காவலர் நின்றிருந்தார். அவர் இடுப்பில் சிவப்பு. எதிரே தாடியும் மீசையுமாகக் கஸ்பார்.

"அட்டையக் காட்டும்."

வெயிலில் கண் கூசியதால் கஸ்பார் விளக்கைக் கவனிக்கவில்லை. அட்டையை எடுக்க, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் மடிப்புக்குள் கையை விட்டான். பேச்சிராஜாவின் துப்பாக்கி மேலே வந்தது.

நானும் போலீஸ் என்று கத்தலாம். கத்தினால் அந்த விரல் என்ன செய்யும்? அவள் வாய் தானாகவே சிரித்தது.

"தம்பி, சாப்ட்டியளா? வேகாத வெயில்ல இப்படி நிக்க வச்சிருக்காவளே. புட்டு கொண்டாந்திருக்கேன்."

பேச்சிராஜாவின் கண் அவள்பக்கம் திரும்பியது.

"இது எங்க வீட்டுக்காரருதான். குளிச்சு எத்தன நாளாச்சோ. இந்த நாத்தத்துக்கே சுட்டிருக்கலாம், நீங்கங்கதால பொறுமையா நிக்கிய."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கி தாழ்ந்தது. பச்சை.

"தங்கச்சிய பிரசவத்துக்குச் சேத்துருக்குக்கா. காலையிலருந்து ஒரு நிலையில இல்ல." துப்பாக்கியை உறையில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். "ஆனா நல்ல சாமான்க்கா. ஒரு தரம்கூடத் தப்பா சுட்டதில்ல. அதான் நேத்து சார் கேட்டப்போ வெளித்தாழ் வேண்டாம்னு போட்டுட்டேன்."

"நானும் அப்படித்தான் போட்டேன் தம்பி," என்றாள் அமலோற்பவம். கன்னம் வலித்தது. அவள் பெருவிரல் தூக்குச்சட்டியின் விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தது.

வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் கஸ்பார் கேட்டான்: "ஏசுவியோன்னு பாத்தா இன்னும் சிரிச்சுக்கிட்டே வாரியே, என்னட்டி?"

உதடு அசையாமல் சொன்னாள்: "பேசாம நடங்க. அவரு கை இன்னும் பிடியிலதான் இருக்கு."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வாசலுக்கு வருகிற எந்தக் கையும் பதறாமல் வரட்டும். கடலுக்கும் வேலைக்கும் போனவர்கள் சொன்ன நாளில் வீடு திரும்பட்டும். உங்கள் வீட்டில் எழுகிற சிரிப்பெல்லாம் சிரிப்பாகவே இருக்கட்டும்.