வீடு பூட்டியிருந்தது

பட்டப்பகல் பதினொரு மணிக்கு நடந்த கதை இது, கண்ணுகளா. பகலில் நடந்ததுதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள்.

அலுவலகத்தில் அவனுக்குப் ‘பூட்டு’ என்று பெயர். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவனுடைய சொந்தப் பெயரை யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் போனில் சிக்னல் கிடைக்காதவர்களுக்குச் சிக்னல் பெட்டி மாட்டிக்கொடுப்பது அவன் வேலை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி அது. இணைய வயரைச் செருகினால் அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு குட்டி டவர். எந்தெந்த எண்ணுக்கு இடம் என்று பட்டியல் கொடுத்தால் அவற்றை மட்டும்தான் சேர்த்துக்கொள்ளும். ஒரு போன் சேர்ந்துவிட்டால் சிவப்பு விளக்கு பச்சையாகிவிடும்.

வெயில் அதிகம், தூரம் அதிகம் என்றால் அவன் போகமாட்டான். சந்தியில் வண்டியை ஓரங்கட்டி, ‘வீடு பூட்டியிருந்தது’ என்று போனிலேயே பதிந்துவிடுவான். சாட்சிக்குப் படம் கேட்பார்கள். அதற்கும் வழி வைத்திருந்தான். தன் வீட்டுக் கதவிலேயே பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுத்திருந்தான். ஊரில் பாதி வீட்டுக்கு அந்த ஒரே கதவுதான்.

“டேய் பூட்டு, இன்னிக்கு எத்தன வீட்ட பூட்டுன?” என்று கூட்டாளிகள் கேட்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அன்றைக்குத் தப்ப முடியவில்லை.

“நாலாவது புகார் இது. கதவு இருக்கோ சுவர் இருக்கோ, போய் மாட்டிட்டு வா” என்று மேலதிகாரி விரட்டிவிட்டார்.

தெருக்கோடியில் கனத்த சுவர் வைத்த பழைய வீடு. கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே காலெடுத்து வைத்ததும் வெயில் வெளியிலேயே நின்றுகொண்டது. வலித்தைலமும் ஈரச் சுவரும் கலந்த வாசனை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“நிஜமாவே வந்துட்டீங்களே” என்றாள்.

“எங்க மாட்டணும், மேடம்?”

“கடைசி ரூம்ல. எங்கம்மா அங்கதான் இருந்தாங்க.”

நடுக்கூடத்தைத் தாண்டும்போதே அவன் போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்தது. கடைசி அறையில் ஒன்றுமே இல்லை. கட்டில் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்தில் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அவன் சுவரில் ஆணிக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அறையின் கதவு நிலையில் சாய்ந்து நின்று பேசினாள்.

“இடுப்பு எலும்பு உடைஞ்சதுலேருந்து அம்மா வாசலத் தாண்டல. இந்த ரூம்ல சிக்னல் எடுக்கலன்னு அவங்களே மூணு தடவ புகார் குடுத்தாங்க. மூணு தடவையும் வீடு பூட்டியிருந்ததுன்னு பதில். படுக்கையில கெடந்தவங்க எங்க போயி பூட்டுவாங்க, சொல்லுங்க?”

அவன் சுத்தியலை எடுத்தான். அடிக்கவில்லை.

“ஒரு சனிக்கிழம சாயங்காலம் பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. கையில போன் இருந்தது. எனக்கு இருபத்தாறு தடவ கூப்பிட்டிருக்காங்க. ஒண்ணுகூட வரல. திங்கக்கிழம வேலைக்கு வர்றவங்க வந்துதான்...”

“அப்ப இந்தப் பெட்டி யாருக்கு, மேடம்?”

“யாருக்கும் இல்ல. அம்மா பேர்லயே நாலாவது தடவ நான் குடுத்தேன். யாராவது வர்றாங்களான்னு பாக்கணும்போல இருந்தது.”

அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். புகாருக்கு வந்த பதில், படத்தோடு.

“இது எங்க வீட்டுக் கதவே இல்ல. கீழ பாருங்க, ஏதோ குழந்த ஒட்டின பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கூட இருக்கு. யாரு இந்த ஆளு? நான் சண்டைக்குப் போகமாட்டேன். தப்பு என்னோடதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும் எனக்கு.”

அவன் மகள் ஒட்டிய பட்டாம்பூச்சி. வார்த்தை தொண்டைவரை வந்தது. வேலை போய்விடுமே என்ற பயம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

“தெரியல, மேடம். அது வேற ஏரியா ஆளு.”

அவள் அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, “குடிக்க தண்ணி கொண்டு வரேன்” என்று போனாள்.

அவன் அவசர அவசரமாகப் பெட்டியை மாட்டி, இணைய வயரைச் செருகி மின்சாரம் கொடுத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது.

பச்சையானது.

தன் போனில் பட்டியலைத் திறந்தான். ஒரே எண். அந்த அம்மா படிவத்தில் எழுதிக்கொடுத்த எண். பக்கத்தில் ‘இணைந்துள்ளது’ என்று இருந்தது.

அலமாரியில் கண்ணாடி நொறுங்கிய பழைய போன் ஒன்று இருந்தது. அதன் பேட்டரி தனியே பக்கத்தில் கிடந்தது.

தைல வாசனை மெல்ல நெருங்கி வந்தது.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ தரையோடு இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது, கதவுக்கு இன்னும் கிட்டத்தில்.

“தம்பி... வந்துட்டியா?”

அதட்டலாக இல்லை அந்தக் குரல். காத்திருந்து களைத்த குரல்.

அப்போதாவது அவன் வாய்திறந்திருக்கலாம், செல்லங்களா. ஒரே ஒரு வார்த்தை. அவன் என்ன செய்தான் தெரியுமா? அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து அழித்தான். காத்திருந்த அந்த அம்மாவை இன்னொரு தடவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினான்.

விளக்கு சிவப்பானது. சத்தம் நின்றது.

பையை வாரிக்கொண்டு, அவள் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் வெளியேறினான். வண்டியை நேரே வீட்டுக்கு விட்டான்.

வாசலில் இறங்கினான்.

அவன் வீட்டுக் கதவில் பித்தளைப் பூட்டு தொங்கியது.

போன வருடமே தொலைந்துபோன பூட்டு.

உள்ளேயிருந்து அவன் மனைவி தட்டிக்கொண்டிருந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. செங்கல்லை எடுத்து அவன் பூட்டை உடைத்தபோது அவள் கைகள் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன.

“யாருங்க வெளிய பூட்டினது? பதினொரு மணிலேருந்து தட்டறேன். தெருவுல போறவங்க ஒருத்தர் காதுலயும் விழல. உங்களுக்கு எத்தன தடவ கூப்பிட்டேன், ஒண்ணுகூட போகல.”

“எத்தன தடவ?”

“அத எண்ணிக்கிட்டா இருப்பாங்க?” என்று போனை அவன் கையில் திணித்தாள்.

அவன் எண்ணிப் பார்த்தான். இருபத்தாறு.

நடைவாசலில் தைல வாசனை இன்னும் கலையவில்லை. அவன் சட்டைப்பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவன் அழித்த அதே எண். பட்டாம்பூச்சி ஒட்டிய கதவின் படம் ஒன்று வந்திருந்தது. அதன் கீழே மூன்று வரிகள்.

வந்தேன் தம்பி.

வீடு பூட்டியிருந்தது.

நாளைக்கும் வரேன்.